வக்ரீபவன்!

புனேயின் கோத்ரூடில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் பத்தாவது படிக்கிறாள். தண்ணீர் தம்ளரில் பென்சிலைச் சாய்த்து வைத்துக்கொண்டு, "அபவர்த்தன், அபவர்த்தன்" என்று மராத்தியில் உருப்போட்டுக்கொண்டிருந்தாள். ஊஞ்சலில் இருந்த அவளுடைய ஆஜோபா, அதாவது தாத்தா, சொன்னார்: "நாங்க அதை வக்ரீபவன்னு சொல்வோம்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. வக்ரதுண்டர்! துதிக்கை வளைந்த பிள்ளையார் கசபா பேட்டையில் கிராம தேவதையாக அமர்ந்திருக்கும் ஊர் இது. நம் பக்கம் வக்கிரம் என்றால் முகம் சுளிப்போம். சனி வக்கிரமானால் ஜோசியரிடம் ஓடுவோம். இங்கே வெளிச்சம் வக்கிரமாகிறது, அதுவும் எவ்வளவு அழகாக!

நான் படித்த சொல் ஒளிவிலகல். காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிற ஒளி, தண்ணீரில் இரண்டேகால் லட்சமாகத் தளர்ந்துவிடும். சாய்வாக நுழைந்தால் திசையும் மாறும், பழைய வழியை விட்டு விலகும். இலங்கைப் பாடநூல்களில் இதுவே ஒளிமுறிவு. ஆஹா, தம்ளருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? நீர்மட்டத்தில் பென்சில் படக்கென்று முறிந்தல்லவா தெரிகிறது! லத்தீன் வேர்ச்சொல்லுக்கும் முறிப்பது என்றுதான் பொருள்.

அப்படியானால் முறியாமல் வளைகிற வக்ரீபவனை எங்கே பார்ப்பது? அன்று சாயங்காலமே வேதாள் டேக்டிக் குன்றில் ஏறினேன். காற்று மேலே லேசு, கீழே அடர்த்தி. நடுவில் கோடு கிழித்த எல்லை எதுவும் இல்லை. அதனால் கதிர் முறிவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துகொண்டே வருகிறது. அடிவானத்தருகே அந்த வளைவு சுமார் அரைப் பாகை, கிட்டத்தட்ட சூரியனின் அகலமே அவ்வளவுதான். அடிவானக் கோட்டைத் தொட்டு நிற்பதாக நாம் பார்க்கும் சூரியன் உண்மையில் அதற்குக் கீழே இறங்கிவிட்டது! அந்தச் சிவந்த வட்டத்தைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். மறைந்தவனை ஒளி தூக்கிக் காட்டுகிறதே, இதற்குமேல் என்ன வேண்டும்?

ஒலிக்கும் இதே சங்கதிதான். குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்துவிடும், மேலே இருப்பது வெதுவெதுப்பாக இருக்கும். வெப்பக் காற்றில் ஒலி வேகமாகப் போகும். அதனால் மேலே கிளம்பிய சத்தம் வளைந்து மறுபடி தரைக்கே வரும். டிசம்பரில் இரவு இரண்டு மணிக்குச் சன்னலைத் திறந்து வைக்கிறேன். பகலில் கேட்கவே கேட்காத ரயிலின் கூவல் சிவாஜிநகர்ப் பக்கமிருந்து என் தலையணைக்கே வந்துவிடுகிறது.