ஆட்டத்துள் உள்ளது: ஒரு விளம்பரத் தொடரின் சொல்லும் பொருளும்

சென்ற பருவத்தில் முதுகலை மாணாக்கர்க்கு அணியிலக்கணம் கற்பித்து வருங்கால், பின்வருநிலையணிக்கு இக்கால வழக்கிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக எனக் கேட்டோம். ஒரு மாணாக்கர் எழுதித் தந்தது வீடியோ விளையாட்டொன்றின் விளம்பரத் தொடர். ஆங்கிலத் தொடராதலின் முதலில் அதனை ஒதுக்கிவிடவே எண்ணினோம். பின்னர் ஆழ்ந்து நோக்கியபோது, அணிநூலார் வகுத்த பாகுபாடு அத்தொடரின் வரலாற்றையும், அதனை வழங்கிய நிறுவனத்தின் வாணிகத்தையும் ஒருங்கே விளக்குவதாயிருத்தல் கண்டோம். விளம்பர மொழி ஆராய்ச்சிக்குரியதன்று எனக் கருதுவார் நம்மிடையே உளர். நாள்தோறும் பலகோடி மக்கள் கேட்டுப் பொருள் கொடுக்கும் மொழியை ஆராயாது விடுவதற்கு அவர்கூறும் காரணம் எதுவும் நமக்கு வலியுடையதாகத் தோன்றவில்லை.

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்பது அமெரிக்க நாட்டு நிறுவனம். 1993-ஆம் ஆண்டின் இறுதியில் அது 'ஃபிஃபா இன்டர்நேஷனல் சாக்கர்' என்னும் காற்பந்து ஆட்டத்தை வெளியிட்டது. அதன்பின் ஆண்டுக்கொன்றாக அவ்வரிசை வளர்ந்து வந்தது. முதல் ஆட்டத்தில் நாட்டணிகள் இருந்தன. ஆடுவோர் பெயர்களோ புனைந்த பெயர்கள். உண்மை ஆட்டக்காரரின் பெயர்கள் 1995-இல் வெளிவந்த 'ஃபிஃபா 96' என்பதிலேதான் புகுந்தன. அந்நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவு நெடுங்காலம் வழங்கிய தொடர், 'இஃப் இட்ஸ் இன் தி கேம், இட்ஸ் இன் தி கேம்' என்பது. மெய்யான ஆட்டத்தில் உள்ளது எதுவாயினும் அது நம் ஆட்டத்திலும் உண்டு என்பது கருத்து. 'கேம்' என்னும் சொல் இருமுறை வருகின்றது. முதற்கண் புல்வெளியில் ஆடப்பெறும் ஆட்டத்தையும், பின்னர்த் திரையில் ஆடப்பெறும் ஆட்டத்தையும் குறிக்கின்றது. ஒருசொல் மீண்டும் வந்து வேறு பொருள் தருதலின் இது சொற்பின்வருநிலை. மாணாக்கர் கூறியது சரியே.

ஆயின் அவர் காணாதது ஒன்றுண்டு. பிற்காலத்தில் இத்தொடர் சுருங்கி, 'இட்ஸ் இன் தி கேம்' என்று மட்டும் வழங்கலாயிற்று. சுருங்கியதும் அணி மாறிவிட்டது. 'கேம்' இப்பொழுது ஒருமுறையே வருகின்றது. வேண்டுமாயின் காற்பந்தையும் குறிக்கலாம், விற்பனைப் பண்டத்தையும் குறிக்கலாம். பிரிக்காமலே இருபொருள் தருதலின் இது செம்மொழிச் சிலேடை. நீண்ட தொடர் இரண்டு ஆட்டங்களை வேறுவேறாக நிறுத்தி, ஒன்றை மற்றொன்றற்கு அளவுகோலாக்கிற்று. கேட்பவர் ஒப்பிட்டுப் பார்த்து, 'இது பொய்' எனவும் கூறலாம். குறுந்தொடர் அவ்வாய்ப்பை நீக்கிவிட்டது. எதனுள் எது உள்ளது என்று அது சொல்வதில்லை. இச்சுருக்கம் சூழ்ச்சியால் நேர்ந்தது என்று நாம் கூறவில்லை. விளம்பரத் தொடர்கள் தேய்வது இயல்பு. ஆயினும் தேய்ந்த தொடர், அவ்வாணிகம் பின்னர் அடைந்த வடிவத்திற்கு நன்கு பொருந்திற்று.

அவ்வடிவம் யாது? 2009-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், 'ஃபிஃபா 09' ஆட்டத்திற்குத் தனிவிலை கொடுத்துப் பெறும் இணைப்பாக 'அல்டிமேட் டீம்' என்னும் பகுதி வெளிவந்தது. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஓர் அட்டை. அட்டைகளைச் சேர்த்து அணி அமைத்துப் பிறருடன் ஆடுதல் வேண்டும். அட்டைகள் 'பேக்' எனப்படும் பொதிகளில் வரும். பொதியுள் எவர் உளர் என்பது திறந்தபின்னரே தெரியும். சில ஆண்டுகளில் இணைப்பின் விலை நீக்கப்பட்டு, அப்பகுதி ஆட்டத்துள்ளேயே அமைந்தது. வெளியே விலையோடு நின்றது விலையின்றி உள்ளே வந்தது. வந்தபின் உள்ளிருந்தே பொருளீட்டலாயிற்று. 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் இந்நிறுவனம் தன் பல விளையாட்டுகளின் அல்டிமேட் டீம் பகுதிகளிலிருந்து பெற்ற வருவாய் 162 கோடி டாலர். மொத்த வருவாயில் இது நூற்றுக்கு ஏறத்தாழ 29 பங்கு. இதில் பெரும்பகுதி காற்பந்தால் வந்தது.

பெயர்களின் விலையை ஈண்டு ஒருசிறிது நோக்குதல் தகும். இவ்வாட்டத்தில் அணியின் பெயரும், ஆடுவோரின் பெயரும் உரிமம் பெற்றே வழங்கப்படுவன. இத்தாலிய அணியாகிய யுவென்டசு தன் பெயருரிமையைப் போட்டி நிறுவனமாகிய கொனாமிக்கு அளித்தபோது, 'ஃபிஃபா 20' ஆட்டத்தில் அவ்வணி 'பியமோன்தே கால்ச்சோ' என்னும் பெயரால் தோன்றிற்று. ஆடுவோர் அவரே, சட்டையும் பெயருமே வேறு. மெய்யாட்டத்தில் உள்ளதெல்லாம் இதனுள் உண்டு என்ற பழைய உறுதிமொழி, உரிமம் உள்ளவரையே மெய். 2022-இல் உலகக் காற்பந்துக் கழகத்துடன் இருந்த பெயரொப்பந்தத்தைத் தொடர்வதில்லை என முடிவாயிற்று. 2023 செப்டம்பரில் வெளிவந்த ஆட்டம் 'இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24' எனப்பட்டது. முப்பது ஆண்டுப் பெயர் போயிற்று. 'அல்டிமேட் டீம்' என்னும் பெயர் மட்டும் போகவில்லை. நூற்பெயர் மாறியும் இயற்பெயர் மாறாது நின்ற இந்நிலை, எது நூலின் உயிர்நிலை என்பதைக் காட்டுவதாகும்.

'அல்டிமேட்' என்பதற்கு இறுதியானது, மேலொன்று இல்லாதது என்பன பொருள். ஆண்டுதோறும் செப்டம்பர்த் திங்களையொட்டிப் புதிய ஆட்டம் வருகின்றது. பழைய ஆட்டத்தில் சேர்த்த அட்டைகள் அதனுட் செல்லா. மேலொன்று இல்லாத அணியை ஆண்டுக்கொருமுறை வெறுங்கையோடு தொடங்க வேண்டியிருக்கின்றது.

இனி விலைச்சொற்களை நோக்குவோம். பொதியை இருவகை நாணயத்தால் வாங்கலாம்: ஆடி ஈட்டும் 'காயின்', பணங்கொடுத்து வாங்கும் 'பாயிண்ட்'. நெடுநாள் விற்ற ஒரு பொதியின் விலை 7,500 காயின், அல்லது 150 பாயிண்ட். பாயிண்டுகளோ தொகுதியாகவே விற்கப்பட்டன. அமெரிக்கச் சந்தையில் 100 பாயிண்டுக்கு 99 சென்ட். 12,000 பாயிண்டுக்கு 99 டாலர் 99 சென்ட். சிறுதொகுதி வாங்குவார்க்கு ஒரு பாயிண்டின் விலை ஏறத்தாழ ஒரு சென்ட். பெருந்தொகுதி வாங்குவார்க்கு அதனினும் ஆறிலொரு பங்கு குறைவு. எனவே 150 பாயிண்டுப் பொதியின் டாலர் விலை இன்னது என ஒரு சொல்லாற் கூற இயலாது. மேலும், 100 பாயிண்டுத் தொகுதி ஒன்று ஒரு பொதிக்குப் போதாது. இரண்டு வாங்கினால் 50 எஞ்சும். எஞ்சியது வீணாகாதிருக்க மேலும் வாங்கவேண்டும். நம்மூர்த் திருவிழாக்களில் இராட்டினத்துக்குச் சீட்டு வாங்கியோர் இக்கணக்கை அறிவர். ஆயின் ஆங்குச் சீட்டின் மேல் விலை எழுதியிருக்கும்.

2018-இல் 'ஃபிஃபா 19' வெளிவந்தபோது, ஒவ்வொரு பொதியிலும் உயர்ந்த அட்டை கிடைத்தற்குரிய வாய்ப்பளவு எழுதப்பெறலாயிற்று. இது பாராட்டத்தக்க மாற்றமே. ஆனால் மக்கள் பெரிதும் விரும்பும் அட்டைகளுக்கு நேரே எழுதப்பட்டது 'ஒரு விழுக்காட்டினும் குறைவு' என்பதாகும். நூற்றில் ஒன்றினும் சற்றே குறைந்ததும், பத்தாயிரத்தில் ஒன்றும் இத்தொடருள் அடங்கும். எண் கூறுவது போன்று தோன்றி எண்ணை மறைக்கும் இத்தகைய தொடர், உரைநடை ஆராய்வார் குறித்துக்கொள்ளற்பாலது.

எல்லாவற்றினும் நம் கருத்தை ஈர்த்தது 2019 சூன் திங்களில் இலண்டனில் நிகழ்ந்தது. பிரித்தானியப் பொதுமக்கள் அவையின் குழுவொன்று இத்துறை நிறுவனங்களை வினவிற்று. உள்ளிருப்பது தெரியாமல் வாங்கும் இத்தகைய பொதிகளை ஆடுவோர் 'லூட் பாக்ஸ்' என்பர். கொள்ளைப்பொருட் பெட்டி என்பது சொற்பொருள். அச்சொல்லை ஏலாத நிறுவன அலுவலர், தாம் அவற்றைச் 'சர்ப்ரைஸ் மெக்கானிக்ஸ்' என வழங்குவதாகக் கூறினார். வியப்பூட்டும் அமைப்புகள் என்பது பொருள். குழந்தைகட்கு விற்கும் உள்ளீடுடைய இனிப்பு முட்டைகளோடும் அவற்றை ஒப்பிட்டார்.

தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தது நன்னூல். 'லூட் பாக்ஸ்' என்பது ஆடுவோர் கூட்டத்துள் தோன்றிய குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றாற்போல்வது. (பறி என்பதன் மற்றைப் பொருளும் இங்கு நினைவுக்கு வருதலைத் தவிர்க்க முடியவில்லை.) 'சர்ப்ரைஸ் மெக்கானிக்ஸ்' என்பதோ மங்கலத்தின் வடிவு உடையது, சுடுகாட்டை நன்காடு என்றாற் போலத் தோன்றுவது. வடிவு ஒன்றாயினும் தொழில் ஒன்றன்று. செத்தாரைத் துஞ்சினார் என்னும்போது, சொல்வோரும் கேட்போரும் இறப்பு நிகழ்ந்ததை அறிவர். அறிந்ததனைக் கேட்போர் மனம் நோவாதவாறு கூறுதலே மங்கலம். இங்கோ கேட்போர் குழு அப்பொருள் சூதா அன்றா எனத் துணிய முயன்றுகொண்டிருந்தது. துணிதற்குமுன் பெயரை மாற்றுதல் கேட்போர்க்கு நலஞ்செய்வதன்று, சொல்வோர்க்கே நலஞ்செய்வது. ஆதலின் இதனை மங்கலத்துள் அடக்குதல் பொருந்தாது என்பது நம் கருத்து. அக்குழு அவ்வாண்டு செப்டம்பரில் அளித்த அறிக்கையில், இவற்றைச் சூதாட்டச் சட்டத்துள் கொணருமாறு பரிந்துரைத்தது. 2022 சூலையில் அந்நாட்டு அரசு சட்டத்தைத் திருத்துவதில்லை எனத் தெரிவித்தது. வள்ளுவரின் சூது அதிகாரத்தை இங்கு எடுத்தோதி முடித்துவிடலாம், அஃது எளிது. ஆனால் இது சூதா என்பதே வினாவாயிருக்க, சூது தீது என்பது விடையாகாது.

வினாவிற்கு நாடுதோறும் விடை வேறாயிற்று. பெல்சிய நாட்டுச் சூதாட்ட ஆணையம் 2018 ஏப்ரலில் இவை சட்டத்திற்கு மாறானவை எனக் கூறிற்று. 2019 சனவரி இறுதியோடு நிறுவனம் அந்நாட்டிற் பாயிண்டு விற்பனையை நிறுத்திற்று. நெதர்லாந்தில் சூதாட்டக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஒரு கோடி யூரோ வரையிலான தண்டம் விதித்தது. 2020 அக்டோபரில் ஃகேக் நகர மன்றம் அதனை உறுதிசெய்தது. 2022 மார்ச்சில் அந்நாட்டின் உயர் நிருவாக நீதிமன்றம் அதனை நீக்கிற்று. நீக்கியதற்குக் காட்டிய காரணம் நம்போல்வார் ஆராய்தற்குரியது. பொதி தனியாட்டம் அன்று. திறமையால் ஆடப்பெறும் பெரிய ஆட்டத்தின் உறுப்பு. பெரும்பாலான பொதிகள் அவ்வாட்டத்துள்ளேயே கிடைத்து அதனுள்ளேயே திறக்கப்படுவன என்பது தீர்ப்பின் சாரம். 'இட்ஸ் இன் தி கேம்' என்னும் தொடர் நீதிமன்ற மொழியில் மீண்டும் எழுந்தது போலும்!

செய்யுளைத் தனிநிலை என்றும் தொடர்நிலை என்றும் பிரித்த தமிழர்க்கு இவ்வினா புதிதன்று. தனியே நின்று பொருள் முற்றுவது முத்தகம்; முன்னும் பின்னும் நோக்கி நிற்பது தொடர்நிலைச் செய்யுளின் உறுப்பு. பொதி இவற்றுள் யாது? தீர்ப்பிற்குச் சார்பாகக் கூறத்தக்கது உண்டு. பொதியிற் கிடைத்த ஆட்டக்காரர் ஆடுகளத்தில் இறங்கினாலன்றிப் பயனில்லை. காயினால் மட்டுமே பொதி பெற்று மகிழ்ந்து ஆடுவோரும் பலர். இதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் பொதி திறத்தற்கெனத் தனித்ததோர் அரங்கு அமைக்கப்பட்டுள்ளது. ஒளி பரவுகின்றது, நாட்டுக்கொடி தோன்றுகின்றது, உயர்ந்த அட்டையாயின் அவ்வாட்டக்காரர் நடந்து வெளிவருகின்றார். தொடக்கமும் ஏக்கமும் முடிவும் அதனுள்ளேயே அமைந்துள்ளன. பிறர் பொதி திறப்பதை மட்டுமே படம்பிடித்து யூடியூபில் இட, ஒரு பந்துகூட உதைக்கப்படாத அக்காட்சியைப் பெருங்கூட்டம் கண்டு களிக்கின்றது. பொருள் முற்றாத உறுப்பை எவரும் தனியே எடுத்துச் சுவையார்.

பெல்சியத்தின் சான்று இன்னும் வலியது. ஆங்குப் பாயிண்டு விற்பனை நின்றபின்னும் அல்டிமேட் டீம் நிற்கவில்லை. காயினால் ஆடப்பெற்றே வந்தது. ஓர் உறுப்பை அறுத்தபின்னும் உடல் முன்போல் இயங்குமாயின், அவ்வுறுப்பு உடலின் பகுதியா, உடலின்மேல் ஏற்றிய சுமையா? நெதர்லாந்துத் தீர்ப்பு பொதியைப் பற்றியது. நாம் கேட்பது பொதியைப் பணத்தால் வாங்கும் வழியைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றாக வைத்து எண்ணியதே வழக்கின் குழப்பத்திற்குக் காரணம் எனக் கருதுகின்றோம்.

இவ்வாட்டப் பெட்டிகளின்மேல் ஐரோப்பியத் தரக்குறி நெடுநாள் காட்டிய வயது 3. 2020 ஏப்ரல் முதல், வாங்கற்குரியவற்றுள் தற்செயலாய் அமையும் பொருள்களும் உண்டு என்னும் அறிவிப்பைத் தரக்குறி அமைப்பு சேர்த்தது, வயதெண் மாறவில்லை. செருமானியர் தமக்கெனத் தனியே வகுத்த தரக்குறியில் 2023-இல் 'எஃப்சி 24' ஆட்டத்திற்கு 12 என எழுதினர்.

இறுதியாக ஒன்று. 2021 சூன் திங்களில் 'முன்காட்சிப் பொதி' என்னும் புதுவகை வந்தது. பணங்கொடுக்குமுன் உள்ளிருப்பதைக் காணலாம், விரும்பினால் வாங்கலாம், வேண்டாவெனின், 24 மணிநேரம் கழிந்தபின் வேறொன்று காட்டப்படும். இலண்டனிற் கூறிய 'சர்ப்ரைஸ்' இதன்கண் இல்லை. எனவே வியப்பின்றியும் பொதியை விற்கலாம் என்பதை நிறுவனமே காட்டிற்று. ஆயின் பிடிக்காத பொதியையும் சிலர் வாங்குதல் இயலும். ஏனெனின், அதனை வாங்கினால் அடுத்த பொதியைக் காண 24 மணிநேரம் காத்திருக்க வேண்டுவதில்லை. அவர் விலை கொடுப்பது கண்முன் உள்ள அட்டைகளுக்கா, காணாத அடுத்த பொதிக்கா என்பதை முன்காட்சி என்னும் பெயர் தெரிவிப்பதில்லை.