கண் வறட்சி: 'லைஃப்ஸ்டைல மாத்துங்க' என்ற அறிவுரையைப் பற்றி

கண் உறுத்துது, எரியுதுன்னு யாரிடம் சொன்னாலும் வரும் பதில் ஒன்றுதான்: "லைஃப்ஸ்டைல மாத்துங்க, சரியாயிடும்." அம்பத்தூர் எஸ்டேட்டில் தினமும் ஒன்பது மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் எனக்கு இது மனப்பாடம். இதில் எவ்வளவு உண்மை என்று தேடிப் படித்ததன் குறிப்புகள் இவை. நான் டாக்டர் இல்லை.

முதலில் அடிப்படை. கண்ணீர்ப் படலத்தின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஒன்று இருக்கிறது. இமை விளிம்பில் உள்ள மைபோமியன் சுரப்பிகள் அதைத் தருகின்றன. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் எண்ணெய் பிதுங்கி வந்து பரவுகிறது. அது குறைந்தால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது பாதிக்கும் கீழே குறைகிறது. இமைக்கும்போதும் பல தடவை முழுசாக மூடுவதில்லை. சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் கண் எப்படிக் காயும் என்று எனக்கே சந்தேகம் இருந்தது. வெளியே வேர்த்துக் கொட்டினாலும் நாம் வேலை செய்வது ஏசி உலர்த்திய காற்றில். விடை அவ்வளவுதான்.

இனி அறிவுரைகள். அதிகம் விற்பனையாவது மீன் எண்ணெய் மாத்திரை. 'ட்ரீம்' என்ற அமெரிக்க ஆய்வு 2018இல் வெளியானது. 535 பேர், ஒரு பிரிவுக்கு தினம் 3000 மில்லிகிராம் ஒமேகா-3, மற்றதுக்கு ஆலிவ் எண்ணெய், 12 மாதம். நூற்றுக்குப் போடும் தொந்தரவு மதிப்பெண் ஒமேகா பிரிவில் சராசரியாக 13.9 குறைந்தது. ஆலிவ் பிரிவில் 12.5. பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆலிவ் எண்ணெயும் சும்மா இருக்கும் பொருள் இல்லையே என்று சிலர் ஆட்சேபித்தார்கள், அது நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: இரண்டு பிரிவுமே தேறியிருக்கிறது. ஆக "நான் சாப்பிட்டேன், குணமாச்சு" என்று யூடியூபில் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் அனுபவம் உண்மை. அது மாத்திரையால்தான் என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியும் இதே கதை. 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2023 காக்ரேன் அலசல், குறுகிய காலத்தில் அது கண் அயர்ச்சியைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது.

20-20-20 விதி கொஞ்சம் தேவலை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தை, 20 விநாடி பார்ப்பது. 29 பேரை வைத்து நடந்த சின்ன ஸ்பானிஷ் ஆய்வில், லேப்டாப்பே ஞாபகப்படுத்திய இரண்டு வாரமும் தொந்தரவு குறைந்தது. ஞாபகப்படுத்துவதை நிறுத்தி ஒரு வாரத்தில் பலன் போய்விட்டது. அதாவது, செய்யும்வரை நிவாரணம். வெந்நீர் ஒத்தடமும் அப்படித்தான். அதோடு, 40 டிகிரிச் சூடு சில நிமிடம் நிற்க வேண்டும். நனைத்த துணி ஓரிரு நிமிடத்தில் ஆறிவிடும், திரும்பத் திரும்ப நனைக்கணும். பலர் "ஒத்தடம் கேக்கல" என்று விடுவது இதனால்தான் என்பது என் ஊகம்.

என் விமர்சனம் இனிமேல்தான். டியர் ஃபிலிம் அண்ட் ஆக்யுலர் சர்ஃபேஸ் சொசைட்டி என்ற சர்வதேச அமைப்பு 2023இல் வாழ்க்கைமுறையும் கண் மேற்பரப்பு நோயும் பற்றி வரிசையாக அறிக்கைகள் வெளியிட்டது. அழகுசாதனம், கான்டாக்ட் லென்ஸ், உணவு, திரை எல்லாம் அதில் உண்டு. சுற்றுச்சூழலுக்குத் தனி அறிக்கை, சமூகக் காரணங்களுக்குத் தனி அறிக்கை. அந்த நேர்மையைப் பாராட்டணும். ஆனால் நம்மிடம் வீடியோவாகவும் நோட்டீஸாகவும் வந்து சேரும்போது அந்த இரண்டும் உதிர்ந்துபோய், "நீ மாறு" என்பது மட்டும் மிஞ்சுகிறது.

மவுண்ட்-பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோ வேலை நடந்த வருஷங்களில் டூவீலரில் போனவருக்குத் தூசி அவருடைய 'லைஃப்ஸ்டைல்' இல்லை. பிரேக்கை நிமிடக் கணக்கில் அளக்கும் கால் சென்டரில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னலைப் பார்க்கச் சொல்வது யாருக்கான அறிவுரை? ஆவடியிலிருந்து எலெக்ட்ரிக் டிரெயினில் வந்து ஏசி காற்றுக்கு நேர் கீழே சீட் கிடைத்தவர், அதை மாற்ற யாரிடம் கேட்பார்? திரையைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்தால் கண் குறைவாகத் திறந்திருக்கும், நல்லது. அந்த மேஜையை வாங்கியவர் அவர் இல்லையே.

இன்னொரு ஆபத்தும் உண்டு. எல்லாம் பழக்கம்தான் என்று நம்புகிறவர் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுவார். வாயும் சேர்ந்து உலர்ந்து மூட்டும் வலித்தால் அது ஷோக்ரன் நோயாக இருக்கலாம். எத்தனை தடவை இமைத்தாலும் தீராது. மெடிக்கல் ஷாப்பில் சொந்தமாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் கண்ணழுத்தம் ஏறலாம். வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, பார்வை மங்கல் இருந்தால் காத்திருக்கக் கூடாது.

கேள்விக்கு என் பதில்: பழக்க மாற்றம் நிவாரணம் தரும், பெரும்பாலும் தொடரும்வரை மட்டும். அதில் பாதி நம் கையில் இல்லை.

என் விஷயத்தில் ரொம்ப உதவியது, பல தடவை கேட்டபிறகு ஆபீஸில் அனுமதித்த ஒரு அட்டை. ஏசி காற்று முகத்தில் அடிக்காமல் திருப்பிவிட ஒட்டியது. இப்போது எரிச்சல் குறைவு. ஆனால் 'ட்ரீம்' ஆய்வைப் படித்துவிட்டு, அட்டையால்தான் குறைந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.