தொட்டது தெரியாமல்

ஒளிப்படம் பிறந்த சில ஆண்டுகளிலேயே அதைத் திருத்தும் கையும் பிறந்துவிட்டது. ஆனாலும் உயர்தர ரீடச்சிங் என்றால், பரம்பரை வைத்தியர் யாருக்கும் சொல்லாத சூரணம் போல ஒரு மயக்கம் இன்றும் நீடிக்கிறது. நியூயார்க்கிலும் பாரிஸிலும் ஏதோ ரகசிய வழிமுறை இருக்கிறது, அது கிடைத்தால் நாமும் அப்படியே செய்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் ஏராளம். இந்தத் தொழிலின் மரபுகளை வரிசையாகப் பார்த்தால் ரகசியம் எங்கே இல்லை என்பதாவது தெளியும்.

மூத்தது பென்சில் மரபு. 1855 பாரிஸ் உலகக் கண்காட்சியில் மியூனிக் நகரத்து ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கல் டச்சிங் செய்த நெகடிவைக் காட்சிக்கு வைத்தார். திருத்துமுன் போட்ட பிரின்டும் பின் போட்டதும் உடன் இருந்தன. முகச் சுருக்கம் என்பது நிழல். நெகடிவில் அது வெளிறிய கோடாக நிற்கும். மேலே பென்சில் பிடிக்க மீடியம் என்னும் பூச்சைத் தடவி, ஊசிபோல் சீவிய பென்சிலால் அந்தக் கோட்டை நிரப்பினால் பிரின்டில் சுருக்கம் தணியும். மிஞ்சிய கருமையைக் கத்தி முனையால் சுரண்டுவார்கள். 1930களில் ஜார்ஜ் ஹரெல் எடுத்த ஹாலிவுட் படங்களில் ஜோன் கிராஃபோர்டின் முகப்புள்ளிகள் காணாமல் போனது நெகடிவ் டச்சிங்கால்தான். நம் ஊர் ஸ்டூடியோக்களில் டச்சிங் செய்தவர்களும் இந்த வழி வந்தவர்களே.

அடுத்தது இருட்டறை மரபு. என்லார்ஜர் ஒளியைக் கையாலோ அட்டையாலோ மறைத்து ஓரிடத்தை வெளுக்க வைப்பது டாட்ஜ். கூடுதல் ஒளி விட்டுக் கறுக்க வைப்பது பர்ன். மேக்னம் ஒளிப்பட நிறுவனத்தின் நியூயார்க் பிரின்டர் பாப்லோ இனிரியோ, மழை நனைத்த டைம்ஸ் சதுக்கத்தில் ஜேம்ஸ் டீன் நடந்துவரும் டென்னிஸ் ஸ்டாக் படத்தின்மேல் எழுதிய குறிப்புகள் பிரசித்தம். படம் முழுக்க வளையங்களும் எண்களும். எல்லாம் வெளிப்படையாகவே கிடக்கிறது. ஆனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அதே பிரின்டை எல்லாராலும் போட்டுவிட முடியாது.

1990இல் ஃபோட்டோஷாப் வந்தது. 1994இல் லேயர், 2002இல் ஹீலிங் பிரஷ். கணினியில் இன்று இரண்டு கட்சிகள். டாட்ஜ் அண்ட் பர்ன் கட்சியார் வெளுக்க ஒன்று, கறுக்க ஒன்று என இரண்டு கர்வ்ஸ் லேயர் போட்டு, மாஸ்க்கைக் கறுப்பாக்கி, இரண்டு மூன்று சதவீத ஃப்ளோவில் பிரஷை ஓட்டுவார்கள். கன்னத்தில் ஒரு திட்டு அருகிலுள்ள தோலைவிடச் சற்றே இருண்டிருந்தால், அதை மட்டும் வருடி வருடிச் சமன்செய்வார்கள். ஒரு முகத்துக்கே பல மணி நேரம் பிடிக்கும். ஃப்ரீக்வன்சி செபரேஷன் கட்சியார் நிறத்தையும் ஒளியையும் ஒரு லேயரில், தோலின் நுண்வரியை இன்னொன்றில் பிரித்துவிடுவார்கள். வேலை வேகம். கை மிஞ்சினால் மூக்கோர நிழல் கன்னத்தில் கசியும், முகம் மெழுகாகும்.

கட்சி எதுவானாலும் அளவுகோல் ஒன்றே. தோல் துவாரம் தெரிய வேண்டும். ஒளி எந்தப் பக்கமிருந்து விழுந்ததோ அந்தப் பக்கமே இருக்க வேண்டும். முகம், கழுத்து, கை மூன்றின் நிறமும் ஒருவருடையதாக இருக்க வேண்டும். பெரிதாக்கிப் பார்த்துச் செய்த வேலை, முழுப்படமாகப் பார்க்கும்போது கண்ணில் படக்கூடாது. இதோடு சட்டமும் சேர்ந்துகொண்டது. விளம்பரப் படத்தில் மாடலின் உடல்வாகை மாற்றியிருந்தால் அதைக் குறிப்பிட்டாக வேண்டும் என்பது 2017 அக்டோபர் முதல் பிரான்சில் விதி.

பிறகு ஏன் இத்தனை மர்மம்? நல்ல வேலை கண்ணுக்குத் தெரியாது. செய்தவர் பெயர் பக்கத்தில் வராது. திருத்தாத படத்தை வெளியே காட்ட ஒப்பந்தம் விடாது. 2008 மார்ச் வோக் இதழில் மட்டும் ரீடச்சர் பாஸ்கல் டான்ஜான் கைபட்ட படங்கள் 144. அதைப் புரட்டிய வாசகர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும்? பார்க்க முடியாத இடத்தில் மந்திரம் இருப்பதாக நினைப்பது மனித சுபாவம்.

படிகளை இன்று யூடியூபே சொல்லித் தருகிறது. எந்தச் சுருக்கம் அந்த முகத்துக்கு உரியது, எது அன்றைய தூக்கமின்மை என்று பிரித்தறிய அது சொல்லித் தராது. ஆசானைத் தேடிப் போகிறவர் எந்த வழிமுறை என்று கேட்பதைவிட, இந்தப் படத்தில் எதைத் தொடாமல் விட்டீர்கள் என்று கேட்பது மேல்.