கல்வெட்டுக்கு ஆசிரியர் யார்?

திருச்சி மலைக்கோட்டையின் மேல் குடைவரையில் மகேந்திரவர்ம பல்லவன் வெட்டுவித்த வடமொழிக் கல்வெட்டுகள் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் அவற்றைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் 33, 34ஆம் எண்களில் 1890இல் பதிப்பித்தார். இன்றைய ஆய்வேடு அவற்றை ஏபிஏ எனும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆசிரியர்-ஆண்டு முறையில் சுட்டினால் அடைப்புக்குறிக்குள் வருவது ‘ஹுல்ட்ஷ், 1890’. பல்லவனையும் காணோம், குடைவரையையும் காணோம்.

உளவியலுக்கு இந்த முறை பொருந்தும். கண்டுபிடிப்பு எவ்வளவு புதியது என்பதை அங்கே ஆண்டே சொல்லிவிடும். கல்வெட்டில் அந்த ஆண்டு பதிப்பாளருடையது. ஆள்பெயரிலும் இடறல்தான்: வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியை நூற்பட்டியலில் ‘சாஸ்திரி’ என்று தேட வேண்டியிருக்கிறது. சாதிப் பட்டம் தலைப்பெயராகிவிட்டதைப் பற்றி யாருக்கும் உறுத்தலில்லை!

சாஸ்திரியாரின் அடிக்குறிப்புகளில் கல்வெட்டு ஆண்டறிக்கையின் எண்ணும் ஆண்டும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் கோயில், சுவர், அரசன், ஆட்சியாண்டு எல்லாம் கிடைக்கும். ஆனால் அறிக்கையில் இருப்பது ஆங்கிலச் சுருக்கம் மட்டுமே. அதையே மூலமாக எடுத்துக்கொள்ளும் பழக்கமும் அதனால் வளர்ந்தது. திருவரங்கக் கல்வெட்டுகளின் பெருந்தொகுப்பு, தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் நரசிம்மசுவாமி பதிப்பித்த 24ஆம் தொகுதியாக, 1982இல்தான் வந்தது. அதற்கு முன் எழுதியவர்களை இதற்காகக் குறைசொல்ல முடியாது. பின் வந்தவர்களுக்குச் சாக்கு இல்லை.

திருவரங்கம் கோயிலின் வரலாற்றைச் சொல்லும் கோயிலொழுகில்தான் சிக்கல் முற்றுகிறது. பல காலத்தில் பல கைகள் எழுதிச் சேர்த்த நூல் அது. ஹரிராவ் 1961இல் வரலாற்றுக் குறிப்புகளோடு அதை ஆங்கிலத்தில் தந்தார். இராமானுசர் கோயில் நிர்வாகத்தைச் சீர்திருத்தியதற்கும், விஜயநகரத் தளபதி கோபணாரியர் அரங்கனை மீண்டும் எழுந்தருளச் செய்ததற்கும் ‘ஹரிராவ், 1961’ என்ற ஒரே சுட்டு வருகிறது. பின்னதற்குச் சக ஆண்டு 1293, அதாவது 1371ஐ ஒட்டிய கல்வெட்டு கோயிலிலேயே துணை நிற்கிறது. முன்னதன் விவரங்கள் பலவற்றுக்கு ஒழுகின் சொல்லே சாட்சி. காற்புள்ளி, ஆண்டு, பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் இந்த வேறுபாடு வாசகனுக்குத் தெரிவதில்லை.

ஆகவே தமிழக வரலாற்று ஆய்வில் மூலச் சான்றுகளுக்கு ஆசிரியர்-ஆண்டு முறை உதவாது. ஆய்வு நூல்களுக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும். கல்வெட்டுக்குப் பழைய எண்முறையே மேல், ஒரு திருத்தத்தோடு: கோயில், சுவரில் இருக்குமிடம், தொகுதியும் எண்ணும், ஆண்டறிக்கை எண். பதிப்பாளர் பெயர் நூற்பட்டியலில் வந்தால் போதும். ஒழுகுக்கு இதுவும் போதாது. அந்தப் பகுதி பிற்காலத்து எழுத்தா, கல்வெட்டுத் துணை உண்டா என்பதை ஆய்வாளர் அந்த வாக்கியத்திலேயே எழுத வேண்டும். ஆய்வேட்டைத் திருத்துபவர்கள் காற்புள்ளியைத் தேடுவதற்கு முன் இதைத் தேடலாம்.