மொசாட்டின் சொனாட்டாவும் யாழ்நூல் கூறும் நரம்புறவும்

தமிழர் இசை பண்ணின் வழிப்பட்டது, மேனாட்டார் இசை ஒத்திசையின் வழிப்பட்டது. ஆதலின் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அறிதல் இயலாது என்பர் ஒரு சாரார். மேனாட்டார் கண்டவை யாவும் பண்டைத் தமிழ் நூல்களிலேயே உள, புதிதாகக் கற்பதற்கு யாதுமில்லை என்பர் மற்றொரு சாரார். முன்னையோர் வாயிலை அடைக்கின்றனர். பின்னையோர் வாயிலுக்கு அப்பால் வேறு இல்லமே இல்லை என்கின்றனர். இரு கொள்கையும் செவிக்கு வேலை தராதவை. ஓர் இசைப்படைப்பை எடுத்து, அதன் நரம்புகள் ஒன்றோடொன்று கொண்ட உறவை நிரலே நோக்குவார்க்கே உண்மை புலனாகும்.

அத்தகைய நோக்கிற்கு வேண்டிய சொற்களை மட்டக்களப்பு நாடே தமிழுலகிற்கு அளித்தது. வாவியின் பாடும் மீன்களை நீரரமகளிராகக் கண்டு செய்யுள் செய்தவரும், 1892இல் காரைதீவிற் பிறந்தவருமாகிய விபுலாநந்த அடிகள், லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் கணித நெறியால் ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ்நூல் 1947ஆம் ஆண்டு அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அடிகளும் மறைந்தார். ஏழு இயல்களாலமைந்த அந்நூலைப் பழம்பொருட் காட்சியாக மட்டும் போற்றுவோர் பலர். உயிருள்ள இசையை அளக்கும் கருவியாக அதனைக் கையாள்வோர் சிலரே.

அளத்தற்கு ஏற்றதோர் எளிய படைப்பு மொசாட்டின் சி நிலைச் சொனாட்டா. கோக்கல் என்பார் வகுத்த பட்டியலில் இது 545ஆம் எண்ணுடையது. 1788ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாளிட்டுத் தம் கையேட்டில் இதனைக் குறித்த மொசாட், தொடக்க மாணவர்க்குரியது என்றே எழுதினார். அவர் 1791இல் இறந்தார். படைப்பு 1805இலேயே அச்சேறியது. இன்றும் பியானோ பயிலும் சிறுவர் பலர் இதனைத் தொட்டே மேற்செல்வர். எளிமை கருதி இதனை எளிதில் தள்ளிவிடுவாரும் உளர்.

முதற் பகுதியின் தொடக்கத்தில் வலக்கை சி, ஈ, ஜி என ஏறுகின்றது. சியைக் குரலாகக் கொள்ளின் இவை முறையே குரல், கைக்கிளை, இளி என்னும் நரம்புகளாம். இடக்கையோ இம்மூன்றையும் ஒருங்கே அழுத்தாது, குரல், இளி, கைக்கிளை, இளி என ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுகின்றது. இதனை அல்பேர்ட்டி என்பாரின் பெயரால் வழங்குவர். ஒருங்கொலிக்க வேண்டிய நரம்புகள் இங்கே நிரலாக ஒலிக்கின்றன. ஒத்திசை பண்போல நடக்கின்றது. யாழின் நரம்பை வரிசையாக வருடும் முறையை நினைவூட்டும் இவ்வமைப்பினால், ஒற்றை வழியிசையிற் பழகிய தமிழ்ச் செவியும் இதனுட் புகுதல் எளிதாகின்றது.

இவ்விடத்தே ஒரு முரண் எழுகின்றது. நின்ற நரம்பிற்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை என்பது பழைய உரைமரபு. அங்ஙனமாயின் மொசாட் முதலடியிலேயே பகை நரம்பை நடுவில் வைத்தாரோ? தாரத்தில் உழை, உழையிற் குரல், குரலில் இளி, இளியில் துத்தம், துத்தத்தில் விளரி, விளரியிற் கைக்கிளை எனப் பிறப்புமுறை கூறும் மரபில், கைக்கிளை குரலுக்கு நான்கு தலைமுறை கடந்த கிளையாகும். மூன்றுக்கு இரண்டு என்னும் விகிதத்தை நான்குமுறை பெருக்கிப் பெறும் அந்நரம்பு, 81க்கு 64 என்னும் விகிதத்தில் நிற்பது, ஒருங்கொலிக்கும்போது கரகரப்புடையது. இடைக்கால ஐரோப்பியரும் மூன்றாம் நரம்பை நிறைவான இயைபாகக் கொண்டிலர். 5க்கு 4 என்னும் எளிய விகிதத்தை ஏற்ற பின்னரே அது அவர்தம் ஒத்திசையின் நடுநாயகமாயிற்று. எனவே தமிழ் உரைமரபு தவறியதுமன்று, மொசாட் விதியை மீறியதுமன்று. இரு மரபும் வெவ்வேறு அளவுகோல் கொண்டு ஒரே நரம்பை அளந்தன.

அடுத்து நிலைமாற்றம். பன்னிரண்டு தாளக்கட்டங்களில் முதற் கருத்து முடிகின்றது. இரண்டாங் கருத்து ஜியை நிலைக்களமாகக் கொண்டு பிறக்கின்றது. முதற் கருத்து ஏறியதற்கு மாறாக இஃது இறங்கித் தொடங்குகின்றது. குரலின் நிலையை இளி பெறுகின்றது எனலாம். பாலைத்திரிபிலும் இளி குரலாவதுண்டு. ஆயினும் வேறுபாடு பெரிது. திரிபில் ஏழு நரம்பும் தத்தம் இடத்தே நிற்க, குரலின் தலைமை மட்டும் மாறும். அதனாற் பாலையின் உருவமே வேறாகின்றது. செம்பாலையில் இளி குரலாயின் கோடிப்பாலை தோன்றும். மொசாட்டோ உருவத்தை மாற்றாது காத்தற்பொருட்டு எப் நரம்பை நீக்கி, அதனிற் சற்றே உயர்ந்த நரம்பை ஏற்றுகின்றார். ஐந்தாம் நரம்புச் சங்கிலியில் ஒரு முனையில் ஒன்று கழிய, மறுமுனையில் ஒன்று சேர்கின்றது. தமிழர் திரிபு, நரம்பைக் காத்து நிறத்தை மாற்றுவது. சொனாட்டாவின் திரிபு, நிறத்தைக் காத்து நரம்பை மாற்றுவது.

மீள்வரவிலேயே இப்படைப்பின் தனிச்சிறப்பு உளது. முதற் கருத்து மீளும்போது தொடக்க நிலையாகிய சியிலேயே மீள்வது பெருவழக்கு. இங்கு 42ஆம் கட்டத்தில் அஃது எப் நிலையில் மீள்கின்றது. உழை குரலாகின்றது. முன்னர்ச் சியிலிருந்து ஜிக்குச் சென்ற வழியை, எப்பிலிருந்து சிக்கு அப்படியே நகர்த்திவிடலாமாதலின், இஃது உழைப்பை மிச்சப்படுத்தும் உபாயம் எனக் குறைகூறுவர்.

அக்குறை கணக்கிற்கு நில்லாது. முதல் எடுத்துரைப்பு 28 கட்டங்கள், மீள்வரவு 32. வலக்கை ஓடிய சுரவரிசைகளை இடக்கையும் ஏற்று ஓடும் 50 முதல் 53 வரையுள்ள நான்கு கட்டங்களே மிகை. அவை ஏன் வந்தன? அப்படியே நகர்த்தின், இடைநிறுத்தம் சியில் வந்து முடியும். மொசாட் அதனை விரும்பாது, முன்போலவே ஜியில் நிறுத்துகின்றார். அதன்பின் இரண்டாங் கருத்து சியில் ஒலிக்கும்போது, அது புதிதாக அடைந்த இடமாகாது, எதிர்நோக்கிய இல்லமாகின்றது. சோம்பல் எனப்பட்ட இடத்தே விழிப்பு உளது.

யாழ்நூல் வழி நோக்குவார்க்கு இங்கே மற்றொரு நயமும் தோன்றும். சியைக் குரலாக வைத்துச் செம்பாலையின் பிறப்புமுறைச் சங்கிலியை அமைப்பின், அதன் ஏழு நரம்புகளும் எப் நிலைக்குரிய ஏழு நரம்புகளேயாம். அச்செம்பாலையில் உழை குரலாயின் அரும்பாலை; இன்றைய வழக்கிற் சங்கராபரணம். மீள்வரவின் தொடக்கம் அவ்வரும்பாலையே. துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4 எனக் குரலிலிருந்து இளி 13 அலகு. உழையிலிருந்து மேற்குரலும் விளரி 3, தாரம் 2 ஆகியவற்றைச் சேர்க்க 13 அலகே. எப்பிற்குச் சி எவ்வுறவோ, சிக்கு ஜியும் அவ்வுறவு. ஒரே கிளையுறவு இருமுறை நடிக்கப்படுகின்றது.

இதுகொண்டு மொசாட் தமிழிசை அறிந்தார் என்றோ, சொனாட்டா தமிழர் கண்டது என்றோ கூறுதல் நகைப்பிற்கிடமாம். யாழ்மரபு ஒரு மண்டிலத்தை 22 அலகாகக் கொள்ளும். இன்றைய பியானோ 12 சமகூறாகக் கொள்ளும். இரண்டும் முற்றும் பொருந்தா. பிரிந்து சென்ற கருத்து இல்லம் மீள்வதால் விளையும் நாடகம் பாலைத்திரிபின் நோக்கமுமன்று. ஒலியின் இயல்பு யாவர்க்கும் பொது. அதனைக் கொண்டு அவரவர் எழுப்பிய மாளிகை வேறு.

கிளை, நட்பு, பகை என்னும் சொற்கள் தேர்விற்கு மனனஞ் செய்யப்படும் பொருளாக மட்டும் நின்றால், யாழ்நூல் ஓர் அழகிய கல்லறையாகும். பிறமொழியார் படைப்பொன்றைக் கேட்டு, அதன் நரம்பு எங்கே சென்றது, ஏன் மீண்டது என மாணவன் தன் மொழியிலேயே வினவ அவை உதவுமாயின், அந்நூல் கருவியாகும். அடிகள் கணக்கிட்டுத் தந்தது கருவி. அதனைக் கையிலெடுத்தல் ஆசிரியர் கடன்.