அழுக்குக்கு அடியில் ஒரு வருஷம்

பழைய பிரெஞ்சு சைக்கிள் ஒன்று கைக்கு வந்தவுடன் தேய்த்துப் பளபளப்பாக்கத்தான் கை பரபரக்கும். ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள், பித்தளை பிரஷ், பாலிஷ் டப்பா எதுவும் இப்போது வேண்டாம். பழைய பனியன் துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய், பூதக்கண்ணாடி, வெர்னியர் காலிப்பர் இருந்தால் போதும். பாகங்களின் மேல் குத்தியிருக்கும் எழுத்துகளுக்கு ஆழமே கிடையாது. துருவோடு சேர்த்து அவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டால், அந்த சைக்கிள் எங்கே, எப்போது பிறந்தது என்று கேட்க ஆளே இருக்காது.

நான் இப்போது பிரித்துப் போட்டிருப்பது வெள்ளை நிறப் பூஜோ, பி.எக்ஸ்.-10 மாடல். எடி மெர்க்ஸ் 1966-லும் 1967-லும் மிலான்–சான் ரெமோ பந்தயத்தை வென்றது பூஜோ அணியில் இருந்தபோதுதான். அந்தப் பந்தயப் புகழோடு கடைகளில் விற்ற வண்டி இது. பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைத் துடைத்தபோது முதலில் நார்மண்டி என்ற பெயர் தெரிந்தது. அது மையார் கம்பெனியின் சரக்கு. இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, கெட்டியான கிரீஸைத் துணி முனையால் சுரண்டாமல் ஊறவைத்து எடுத்தேன். புளியங்கொட்டை அளவுகூட இல்லாத ஒரு முத்திரை. அதற்குள் இரண்டு எண்கள்: 42, 71. மையார் ஹப்களில் இப்படி வாரத்தையும் வருஷத்தையும் குத்துவது வழக்கம். 1971-ன் 42-வது வாரம் என்றால் அக்டோபர் மாதம். யாரோ ஒரு தொழிலாளி ஒரு அக்டோபர் நாளில் கடைந்து வைத்த அலுமினியம் என் உள்ளங்கையில் இருக்கிறது என்று தெரிந்த அந்த நிமிஷத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

ஆனால் ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. சைக்கிளில் அடிக்கடி மாறுவதே சக்கரம்தான். அடுத்த சாட்சியைத் தேடுங்கள். பல பிரெஞ்சுப் பாகங்களில் பிரெவெத்தே எஸ்.ஜி.டி.ஜி. என்ற எழுத்துகள் இருக்கும். காப்புரிமை உண்டு, ஆனால் அரசாங்கம் அதற்கு உத்தரவாதம் இல்லை என்று பொருள். 1844-ம் வருஷச் சட்டத்தோடு வந்த இந்த வாசகம் 1968-ல் நீங்கிவிட்டது. அச்சு தேயும்வரை பழைய எழுத்தையே அடித்திருக்கலாம் என்பதால் இதைத் துல்லியமான தேதியாக எடுக்க வேண்டாம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று மட்டும் காட்டும்.

எழுத்துகளைப் படித்த பிறகு மில்லிமீட்டருக்கு வாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆங்கிலேயன் அங்குலத்தில் மரை போட்டான், பிரெஞ்சுக்காரன் மெட்ரிக்கில் போட்டான். ஆங்கில ஃப்ரேமில் மேல் குழாய் 25.4 மில்லிமீட்டர், சீட் குழாய் 28.6. பிரெஞ்சு ஃப்ரேமில் 26, 28. ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் மற்ற இடங்களில் 22.2, இங்கே 22.0. வேறு சைக்கிளின் ஸ்டெம்மைக் கொண்டுவந்தால் வாயிலேயே நின்றுவிடும். அந்த 0.2 மில்லிமீட்டரைக் கண்ணால் பார்க்க முடியாது. விரல் மட்டும் உணரும்.

பெடலை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலப் பெடல் அச்சு 9/16 அங்குலம், சுமார் 14.3 மில்லிமீட்டர். பிரெஞ்சு அச்சு 14. வலது, இடது என்பதற்கு அவர்கள் மொழியில் த்ருவாத், கோஷ் என்பதால், அச்சின் முனையில் ஆர், எல் என்ற எழுத்துகளுக்குப் பதில் டி, ஜி என்று குத்தியிருப்பார்கள். டி, ஜி கண்ணில் பட்டால் அந்தப் பெடலைப் பத்திரமாகத் துணியில் சுற்றி வையுங்கள். அதன் ஜோடிக் கிராங்கில், அதாவது பெடலைத் தாங்கும் கையில், புதுப் பெடல் ஏறாது. இரண்டு சுற்று கையால் ஏறுவதுபோல் ஏமாற்றும், பிறகு இறுகும், ஸ்பேனர் போட்டு அழுத்தினால் அலுமினிய மரை உதிர்ந்துவிடும். அரை நூற்றாண்டு தாங்கிய கிராங்க் அரை நிமிஷத்தில் வீண். மரையைப் பெரிதாக்கி ஆங்கில அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம் என்பார்கள். ஓட்டுவதற்கு அது சரியான வழி. நான் மட்டும் அதைச் செய்ய மாட்டேன். ஜோடிப் பெடல் கிடைக்கும்வரை காத்திருப்பேன்.

கிராங்க் அச்சைப் பிடித்திருக்கும் வலப்பக்க பாட்டம் பிராக்கெட் (பி.பி.) கப்பும் இப்படித்தான் சோதிக்கும். ஆங்கில சைக்கிளில் அது இடது மரை. பிரெஞ்சு சைக்கிளில் 35 மில்லிமீட்டர் குறுக்களவு, இரண்டு பக்கமும் வலது மரை. ஆங்கிலப் பழக்கத்தில் கழற்றப் போனால் இன்னும் இறுக்கிக்கொண்டே போவீர்கள். முதல் முறை நானும் அரை மணி நேரம் தப்பான பக்கமே திருப்பிக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு ஸ்விஸ் மரை என்று ஒன்று உண்டு. அதே 35 மில்லிமீட்டர், ஆனால் வலப்பக்கம் இடது மரை. மோட்டோபெகான் கம்பெனி வண்டிகள் பலவற்றில் அது இருக்கும். அதனால் இடப்பக்கக் கப்பை முதலில் கழற்றி அளந்துவிடுங்கள். அது 35 என்றால் பிரெஞ்சு, ஸ்விஸ் இரண்டில் ஒன்று. அதற்குப் பிறகு வலப்பக்கம் கை வைக்கலாம்.

கிராங்கைக் கழற்றும் கருவியிலும் கவனம் வேண்டும். சேன்-எத்தியென் நகரத்து ஸ்ட்ராங்லைட் கம்பெனிக் கிராங்கின் உள்மரை 23.35 மில்லிமீட்டர்; டி.ஏ. கம்பெனியுடையது 23; மற்றவை பெரும்பாலும் 22. சாதாரணக் கருவி ஸ்ட்ராங்லைட்டுக்குள் லொடலொட என்று ஆடும்.

இனி கைக்கு வேலை. கியர் மாற்றும் லீவரை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கேபிள் வழியாக அது அசைப்பது டெரெய்லரை, அதாவது சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகத்தை. திஜோன் நகரத்தில் 1928-ல் லூசியன் ஜுயி தொடங்கிய சிம்ப்ளெக்ஸ் கம்பெனி, 1960-களில் டெரெய்லரை டெல்ரின் பிளாஸ்டிக்கில் செய்தது. கறுப்பு உடம்பு, சிவப்புத் தகடு. எடை குறைவு, துரு இல்லை, ஆனால் வயதானால் விரிசல் விடும். இன்று முழுசாக ஒன்று கிடைத்தால் வெளிச்சத்தில் பிடித்து, போல்ட் போகும் துளையைச் சுற்றி மயிரிழைக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் என்று அதை மட்டமாகப் பேசுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புதுப் பொருளைத் துணிந்து கையில் எடுத்த காலத்தின் முகம் அது.

என் வண்டியில் டெரெய்லர் டெல்ரின், லீவர் மட்டும் அலுமினியம். கண்ணீர்த் துளி வடிவம். உள்ளே ஒரு சுருள்வில்: கேபிளை இழுக்கும்போது வழிவிடும், டெரெய்லர் திருப்பி இழுக்கும்போது பிடித்துக்கொள்ளும். கட்டைவிரலுக்கு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இருக்கும். சிம்ப்ளெக்ஸ் செய்ததிலேயே இதுதான் உயர்ந்தது என்பேன். ஆனால் இது 1971-க்குப் பிந்திய சரக்கு. ஹப் சொல்லும் வருஷத்தை நம்பினால், இந்த வண்டியோடு வந்ததல்ல. அசல் வேண்டும் என்பவர்கள் கழற்றிப்போடச் சொல்வார்கள். யாரோ ஒருவர் தினமும் ஓட்டி, பழைய லீவர் போதாது என்று உணர்ந்து, காசு சேர்த்து மாற்றியிருக்கிறார். அந்த ஓட்டியைத் தூக்கி எறிய எனக்கு மனசில்லை.

பிரேக் மஃபாக் என்றால் கிளெர்மோன்-ஃபெரான் நகரத்துத் தயாரிப்பு. 1950-களில் வந்த ரேசர் மாடலை நேருக்கு நேர் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு கைகள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கேபிள், அதை நடுவில் மேலே தூக்கும் ஒரு கொக்கி. மூடி மறைத்தது ஒன்றும் கிடையாது. பிரேக் லீவரை மெல்ல அழுத்தினால் விசை எப்படி இரண்டாகப் பிரிகிறது என்று கண்முன்னே தெரியும்.

லெவலுவா-பெரே நகரத்தில் ரெனே எர்ஸ், அலெக்ஸ் சிங்கர் போன்றவர்கள் ஒவ்வொருவர் அளவுக்கும் கையால் கட்டிய வண்டிகள் தனி ரகம். அங்கே எழுத்தைத் தேட வேண்டாம். விளக்குக்குப் போகும் ஒயர் எங்கே என்று தேடுங்கள். டைனமோ இருக்கும், விளக்கு இருக்கும், நடுவில் ஒயரைக் காணோம். குழாய்க்குள்ளேயே போயிருக்கும்.

கடைசியாக சீட். ஈதெயால் என்ற பெயர் பக்கவாட்டுத் தோலில் மங்கலாகத் தெரியும். என்னுடையதில் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட ஒரு விரல்கடை பள்ளம். யாரோ இடது இடுப்பில் பாரம் போட்டு வருஷக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். முதல் பத்து கிலோமீட்டர் எனக்கு வலித்தது. இப்போது வலிப்பதில்லை.