கெல்லி கூலிக்கின் 265

டென்பின் பவுலிங்கில் லிஸ் ஜான்சனின் ஆறு யு.எஸ். விமன்ஸ் ஓப்பன் பட்டங்களை எண்ணிக் காட்டுபவர்களோடு எனக்குச் சண்டையில்லை. கணக்குப்படி அவர்தான் பெரியவர். அவருடைய ஸ்விங்கின் நளினமும் தனி. ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது கெல்லி கூலிக்கை, அதிலும் ஒரே ஒரு ஆட்டத்தை.

2010 ஜனவரி 24. லாஸ் வேகஸ், ரெட் ராக் லேன்ஸ், ஆண்கள் சுற்றின் டோர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ் போட்டி. இறங்கிய வீரர்களுள் அவர் மட்டுமே பெண். இறுதியில் எதிரே நின்றவர் கிறிஸ் பார்ன்ஸ். 2006இல் இதே பட்டத்தை வென்றவர், ஆடுதளத்தின் எப்படிப்பட்ட எண்ணெய்ப் பூச்சுக்கும் ஒரு விடை வைத்திருப்பவர். முடிவு 265–195, கூலிக்குக்கு வெற்றி.

அந்தப் பதிவில் எல்லோரும் பின்கள் சிதறுவதைப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது கூலிக்கின் இடது காலை. கடைசி அடியில் அது வழுக்கிவந்து ஃபவுல் கோட்டுக்கு முன்னால் நிற்கிறது. பந்து கையைவிட்டுப் போன பிறகும் உடல் ஆடுவதில்லை. தொலைக்காட்சி விளக்குகளின் கீழே, ஆண்களின் பட்டத்துக்காக ஆடும்போது, இந்த நிதானம் சும்மா வந்துவிடாது.

2003இல் அவர் யு.எஸ். விமன்ஸ் ஓப்பனை வென்றார். அதே ஆண்டு பெண்களின் தொழில்முறைச் சுற்றே இழுத்து மூடப்பட்டது. 2006இல் தகுதிப் போட்டியில் ஆடி, ஆண்கள் சுற்றில் முழுப் பருவத்துக்கும் இடம்பெற்ற முதல் பெண்ணானார். ஒரு பருவத்தோடு அந்த இடமும் போயிற்று. நியூ ஜெர்சியில் அப்பாவின் கார் பாடி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தபடியே ஆட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். 2007இல் குவீன்ஸ் போட்டியில் பட்டம். 2009இல் பெண்கள் உலகப் பட்டம். லாஸ் வேகஸில் கதவைத் திறந்துவிட்டது அதுதான். பெண்களுக்கென முழுச் சுற்று இல்லாத காலத்தில் கையின் கூர்மை மழுங்காமல் இருந்ததே, அதைத்தான் சாதனை என்பேன்.

அந்தக் கூர்மையை நினைத்துக்கொண்டு இன்று பவுலிங் அரங்குகளுக்குப் போனால் மனம் நோகிறது. நடுவில் எண்ணெயைக் கொட்டி ஓரங்களைக் காயவிட்டுவிடுகிறார்கள். தப்பாக எறிந்த பந்தும் ஸ்ட்ரைக் விழும் இடமான பாக்கெட்டுக்குத் தானாக வந்து சேர்கிறது. அப்படி வந்த முழுப் புள்ளி 300ஐக் கொண்டாடவும் செய்கிறார்கள்! பின்களைக் கயிற்றில் கட்டித் தூக்கும் இயந்திரங்கள் வந்தபின் அந்தச் சத்தமும் போயிற்று. ஸ்ட்ரைக்கின் அழகில் பாதி அதன் ஓசையில் அல்லவா இருந்தது?

கூலிக்கின் அந்த வெற்றியை ‘ஒருநாள் அதிர்ஷ்டம்’ என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். இறுதி ஒரே ஆட்டம் என்பது உண்மைதான். அந்த ஒரு ஆட்டத்தை எட்ட, உலகின் தலைசிறந்த ஆண்களோடு எத்தனை ஆட்டம் ஆடியிருக்க வேண்டும்! அதே 2010இலும், பிறகு 2012இலும் யு.எஸ். விமன்ஸ் ஓப்பன் மறுபடி அவர் கைக்கே வந்தது.